சபையார் நீதிக்காகக் குரல் கொடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆராதனை முடிந்து வாசலில் நின்று பேசும்போது, சபையின் சமூக அக்கறைக் குழுவில் இருக்கும் எங்களிடம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் இவை. சில ஆர்வத்தில் வருபவை, சில சந்தேகத்தில், ஒன்றிரண்டு கோபத்தில். எல்லாவற்றுக்கும் ஒரே நீளத்தில் பதில் சொல்ல எங்களுக்கு வரவில்லை.

ஏழைகளுக்கு உதவுவதைத்தான் சபை ஏற்கெனவே செய்கிறதே. இதில் புதிதாக என்ன இருக்கிறது?

உதவி வேண்டும். பசியோடு இருப்பவரிடம் போய்ச் சட்டம் பேசிக்கொண்டிருக்க முடியாது. ஆனால் ஒரு உதாரணம் பாருங்கள். சபையில் ஒரு முதியவருக்குக் காணிக்கைப் பணத்திலிருந்து மாதாமாதம் மருந்து வாங்கிக் கொடுக்கிறோம். நல்ல காரியம். அவருக்கு வரவேண்டிய ஓய்வூதியம் இரண்டு வருடமாக ஏன் வரவில்லை என்று நம்மில் யாராவது கேட்டோமா? கேட்டுப் பார்த்தால், விண்ணப்பத்தில் அவர் பெயரில் ஓர் எழுத்து மாறியிருக்கும். அதைச் சரிசெய்ய அவரோடு அலுவலகத்துக்குப் போனால், அதே மாதிரி எழுத்துப் பிழைக்காக இன்னும் நாற்பது பேருடைய விண்ணப்பம் அங்கே தூங்குவது தெரியவரும்.

மருந்து வாங்கிக் கொடுப்பது உதவி. அலுவலகத்துக்குக் கூடப் போவது துணை. நாற்பது பேருக்கும் ஏன் இப்படி ஆகிறது, இந்த நடைமுறையை மாற்ற யாருக்கு அதிகாரம் இருக்கிறது என்று தேடிப் போய்க் கேட்பதைத்தான் இந்தப் பக்கத்தில் குரல் கொடுப்பது என்கிறோம். மூன்றும் தேவை. பெரும்பாலான சபைகள் முதலாவதோடு நின்றுவிடுகின்றன. கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. முதலாவதைச் செய்தால் நன்றி சொல்கிறார்கள், மூன்றாவதைச் செய்தால் "உங்களுக்கு எதுக்கு இந்த வேலை?" என்கிறார்கள். அவ்வளவுதான் காரணம்.

வேதத்தில் இதற்கு ஆதாரம் இருக்கிறதா? சுவிசேஷத்தை விட்டு வேறெங்கோ போகிறோமோ என்று பயமாக இருக்கிறது.

நீதிமொழிகள் 31ஆம் அதிகாரம் நம் எல்லோருக்கும் தெரியும். குணசாலியான ஸ்திரீயைப் பற்றிய பகுதியைப் பத்தாம் வசனத்திலிருந்து எத்தனையோ முறை வாசித்திருக்கிறோம். அதற்கு இரண்டு வசனம் முன்னால், "ஊமையனுக்காகவும் திக்கற்றவர்கள் எல்லாருடைய நியாயத்துக்காகவும் உன் வாயைத் திற" என்று இருக்கிறது. ராஜாவாகிய லேமுவேலுக்கு அவன் தாய் சொன்ன புத்தி அது. அந்த இடத்தை மட்டும் எப்படியோ தாண்டிப் போய்விடுகிறோம்.

எங்களுக்கு மிகவும் பிடித்த பகுதி எண்ணாகமம் 27. செலொப்பியாத்துக்கு ஐந்து மகள்கள்: மக்லாள், நோவாள், ஒக்லாள், மில்காள், திர்சாள். மகன் இல்லாததால் தகப்பனின் சுதந்தரம், அதாவது பரம்பரைச் சொத்து, அவர்களுக்குக் கிடைக்காது என்ற நிலை. ஐந்து பேரும் ஆசரிப்புக் கூடார வாசலுக்கே போய், மோசேக்கும் ஆசாரியனாகிய எலெயாசாருக்கும் பிரபுக்களுக்கும் சபையார் அனைவருக்கும் முன்பாக நிற்கிறார்கள். அவர்கள் பேசுவதைக் கவனித்துப் பாருங்கள். முதலில் நடந்ததைச் சொல்கிறார்கள்: தகப்பன் வனாந்தரத்தில் இறந்தார், மோசேக்கு எதிரான கோராகின் கலகத்தில் அவர் சேரவில்லை, அவருக்கு மகன் இல்லை. பிறகு கேள்வி: மகன் இல்லை என்பதற்காக அவர் பெயர் ஏன் அற்றுப்போக வேண்டும்? கடைசியில் கோரிக்கை: எங்களுக்குக் காணியாட்சி கொடுங்கள். அழுகை இல்லை, சாபம் இல்லை. மோசேயும் தானாகப் பதில் சொல்லிவிடாமல் கர்த்தரிடம் கொண்டுபோகிறார். அவர்கள் கேட்பது சரி என்று பதில் வருகிறது. அந்த ஐந்து பேருக்கு நிலம் கொடுக்கச் சொன்னதோடு, இனி மகன் இல்லாத வீடுகளில் மகளுக்குச் சுதந்தரம் போகும் என்று எல்லோருக்கும் பொதுவான பிரமாணமாகவே அது மாறுகிறது.

மனு எழுதுகிறவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் எங்களுக்குக் கிடைக்கவில்லை. புதிதாகக் குழுவுக்கு வருகிறவர்களை முதலில் இந்த அதிகாரத்தைத்தான் வாசிக்கச் சொல்கிறோம்.

நெகேமியா 5, ஆமோஸ், ஏசாயா முதல் அதிகாரம், லூக்கா 18இல் அநீதியுள்ள நியாயாதிபதியை விடாமல் துரத்தும் விதவை என்று சொல்லிக்கொண்டே போகலாம்.

ஆனால் இது அரசியல் ஆயிற்றே? சபை அரசியல் பேசலாமா?

கட்சி அரசியல் வேறு, பொதுக் காரியம் வேறு. "இவருக்கு ஓட்டுப் போடுங்கள்" என்று பிரசங்க பீடத்திலிருந்து சொல்வது தவறு என்றுதான் நாங்களும் நினைக்கிறோம். பல நாடுகளில், வரிவிலக்குப் பெற்ற அமைப்புகள் அப்படிச் செய்யச் சட்டமும் கட்டுப்பாடு வைத்திருக்கிறது. உங்கள் சபை எந்தச் சட்டத்தின் கீழ் பதிவாகியிருக்கிறது, என்ன செய்யலாம், என்ன கூடாது என்பதைக் கணக்கு வழக்கு பார்ப்பவரிடமோ வழக்கறிஞரிடமோ ஒருமுறை கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பள்ளிக்கூடத்தில் கழிப்பறை இல்லை என்று அதிகாரியிடம் சொல்வதற்குக் கட்சி தேவையில்லை. யார் ஆட்சியில் இருந்தாலும் அதே கேள்வியைக் கேட்கத் தயாராக இருக்கிறோமா என்பதுதான் சோதனை. நமக்குப் பிடித்த கட்சி வந்ததும் கேள்வி நின்றுபோனால், அது கட்சி வேலையாகத்தான் இருந்திருக்கிறது.

இன்னொன்று. சட்டம் கொடுக்கும் உரிமையைக் கேட்பது ஆவிக்குரிய காரியம் ஆகாது என்று சிலர் நினைக்கிறார்கள். அப்போஸ்தலர் 16இல் பவுலையும் சீலாவையும் விசாரணை இல்லாமல் வெளியரங்கமாய் அடித்துச் சிறையில் போடுகிறார்கள். மறுநாள் சத்தமில்லாமல் அனுப்பிவிடப் பார்க்கிறார்கள். பவுல் போக மறுக்கிறார். நாங்கள் ரோமர், எங்களை விசாரிக்காமல் அடித்தீர்கள், நீங்களே வந்து வெளியே அழைத்துக்கொண்டு போங்கள் என்கிறார். அதிகாரிகள் பயந்துபோய் நேரில் வந்து வேண்டிக்கொள்கிறார்கள்.

ஜெபித்தால் போதாதா?

ஜெபம் இல்லாமல் இதைத் தொடங்க வேண்டாம். சீக்கிரம் கசப்பு வந்துவிடும். ஆனால் ஜெபத்தோடு நிறுத்திக்கொள்வதற்கும், ஜெபத்திலிருந்து எழுந்து போவதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

கம்யூனிஸ்ட் ஆட்சியில் இருந்த கிழக்கு ஜெர்மனியின் லைப்ஸிக் நகரில் புனித நிக்கோலாஸ் ஆலயத்தில் 1982 முதல் திங்கட்கிழமைதோறும் சமாதானத்துக்கான ஜெபக்கூட்டம் நடந்தது. சில நாட்களில் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் ஆட்கள். 1989 அக்டோபர் 9 அன்று ஜெபம் முடித்து மெழுகுவர்த்தியோடு வெளியே வந்தவர்களோடு ஊரே சேர்ந்துகொண்டு, சுமார் 70,000 பேர் தெருவில் நடந்தார்கள். ஆயுதத்தோடு காத்திருந்த காவல் படை சுடவில்லை. சரியாக ஒரு மாதம் கழித்து, நவம்பர் 9 அன்று பெர்லின் சுவர் திறந்தது. ஏழு வருடம் அந்தக் கதவைத் திறந்து வைத்திருந்தவர்களுக்கு இது இப்படி முடியும் என்று தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

எனக்கு மேடையில் பேச வராது, நேரமும் குறைவு. நான் என்ன செய்ய முடியும்?

இந்த வேலையில் மேடையே மிகக் குறைவு. நூற்றில் தொண்ணூறு பங்கு காகிதமும் காத்திருப்பும்தான்.

கையெழுத்து நன்றாக இருப்பவர், எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கலாம். ஓய்வு பெற்றவர்கள் எங்களுக்குக் கிடைத்த பெரிய வரம்: அலுவலக நேரத்தில் அலுவலகத்துக்குப் போக முடிகிறவர்கள் அவர்கள்தான், அதிலும் அரசு வேலையில் இருந்தவர் என்றால் எந்த மேசையில் எந்தக் கோப்பு நிற்கும் என்பது அத்துபடி. கணக்கு தெரிந்தவர் உள்ளாட்சியின் வரவு செலவுத் திட்டத்தைப் படித்து, நம் பகுதிக்கு என்ன ஒதுக்கினார்கள், என்ன செலவானது என்று ஒரு பக்கத்தில் எழுதித் தரலாம். செவிலியர், ஆசிரியர், ஓட்டுநர் என்று ஒவ்வொருவரும் தங்கள் வேலையில் தினமும் எதையாவது பார்க்கிறார்கள். அதைத் தேதியோடு குறித்து வைத்தாலே பாதி வேலை முடிந்தது. வாலிபர்களுக்கு வரைபடம் போடுவதும் படம் எடுத்துத் தொகுப்பதும் நமக்கு மூச்சு விடுவது போல. தாய்மார்கள் கூட்டத்துக்கு வர முடியாததற்கு முக்கியக் காரணம் குழந்தைகள். அந்த ஒரு மணி நேரம் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஒருவர் முன்வந்தால், கூட்டத்துக்கு ஐந்து பேர் கூடுதலாக வருவார்கள்.

1955 டிசம்பரில் அமெரிக்காவின் மாண்ட்கோமரி நகரில் நிறம் பார்த்து இருக்கை பிரித்த நகரப் பேருந்துகளைக் கறுப்பின மக்கள் புறக்கணித்தார்கள். இன்று நமக்கு மார்ட்டின் லூதர் கிங் பெயர்தான் நினைவுக்கு வருகிறது. ஆனால் அந்தப் புறக்கணிப்பு 381 நாள் தாக்குப்பிடித்ததற்குக் காரணம், இத்தனை ஆயிரம் பேரைத் தினமும் வேலைக்குக் கொண்டுபோய் விட்டுத் திரும்ப அழைத்துவர யாரோ கார் ஏற்பாடு செய்தார்கள் என்பது. யாரோ முதல் இரவு முழுக்க உட்கார்ந்து துண்டறிக்கை அச்சடித்தார்கள். சபைகள் வண்டி வாங்கிக் கொடுத்தன. ஆலயங்களில்தான் கூட்டம் நடந்தது, காணிக்கை சேர்ந்தது. பேச்சாளர் ஒருவர் இருந்தார் என்றால், எந்த வண்டி எந்தத் தெருமுனைக்கு எத்தனை மணிக்கு வரும் என்று பட்டியல் போட்டவர்கள் பல பேர்.

எங்கிருந்து தொடங்குவது? உலகத்தில் எவ்வளவோ அநியாயம் நடக்கிறதே.

உங்கள் சபைக்குள்ளிருந்து. இதை நாங்கள் அடித்துச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பதில் கொஞ்சம் நீளும்.

1688இல் அமெரிக்காவின் ஜெர்மன்டவுன் என்ற ஊரில் நான்கு பேர், மனிதரை மனிதர் வாங்கி விற்பது தவறு என்று எழுதிக் கையெழுத்திட்டுத் தங்கள் குவேக்கர் சபையின் (ஒரு கிறிஸ்தவப் பிரிவு) மாதக் கூட்டத்தில் கொடுத்தார்கள். இது எங்களுக்கு மிகப் பெரிய விஷயம் என்று மாதக் கூட்டம் அதைக் காலாண்டுக் கூட்டத்துக்கு அனுப்பியது. காலாண்டுக் கூட்டம் அதையே சொல்லி வருடாந்தரக் கூட்டத்துக்கு அனுப்பியது. வருடாந்தரக் கூட்டம் அதை அப்படியே கிடப்பில் போட்டது. (சபைக் கமிட்டிகளில் உட்கார்ந்தவர்களுக்கு இந்த இடத்தில் சிரிப்பு வரும்.) தங்கள் உறுப்பினர் யாரும் அடிமை வைத்திருக்கக் கூடாது என்று அதே பிலடெல்பியா வருடாந்தரக் கூட்டம் கண்டிப்பாகச் சொன்னது 1776இல். சொந்த வீட்டைச் சரிசெய்ய 88 வருடம். அதற்கப்புறம்தான் வெளியே அவர்கள் பேச்சுக்கு எடை வந்தது. 1787இல் லண்டனில் அடிமை வியாபாரத்தை ஒழிக்கக் கூடிய 12 பேர் குழுவில் ஒன்பது பேர் குவேக்கர்கள். இங்கிலாந்தில் அந்த வியாபாரத்தைத் தடைசெய்யும் சட்டம் 1807இல் வந்தது, அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1833இல்.

இதற்கு நேர் எதிரான கதையும் உண்டு. தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதியில் டச்சுச் சீர்திருத்தச் சபை 1829இல், திருவிருந்து எல்லோருக்கும் ஒன்றுதான், நிறம் பார்க்கக் கூடாது என்று முடிவெடுத்திருந்தது. வெள்ளையர் சிலர் முணுமுணுத்துக்கொண்டே இருந்தார்கள். 1857இல் அதே சபையின் பேரவை, எல்லோரும் ஒன்றாக ஆராதிப்பதுதான் வேதத்துக்கு ஏற்றது என்று ஒப்புக்கொண்டே, "சிலருடைய பலவீனத்தின் நிமித்தம்" தனித்தனியாகவும் கூடலாம் என்று இடம் கொடுத்தது. சின்ன விட்டுக்கொடுப்பு. 1881இல் கலப்பினத்தவருக்குத் தனிச் சபையே அமைந்தது. 1948க்குப் பிறகு நாடு முழுக்க நிறவெறிச் சட்டங்கள் வந்தபோது அவற்றுக்கு வேத விளக்கம் தயாராக இருந்தது. அது தவறு என்று பெல்ஹார் அறிக்கை மூலம் 1982இல் எழுதி வெளியிட்டவர்கள், தனியே பிரித்துவிடப்பட்ட அந்தச் சபையாரே.

ஆகவே வெளியே போவதற்கு முன் சில கேள்விகள். ஆலயத்தைக் கூட்டித் துடைப்பவருக்கு என்ன சம்பளம், அது சட்டப்படியான குறைந்தபட்சக் கூலிக்கு மேலா கீழா? நம் சபையார் வீடுகளில் வேலை செய்பவர்களுக்கு வாரத்தில் ஒரு நாளாவது விடுமுறை உண்டா? வீட்டுப் பணியாளர்களும் மற்றத் தொழிலாளர்களைப் போன்றவர்களே, தொடர்ந்து 24 மணி நேரமாவது வார ஓய்வு வேண்டும் என்று பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2011இலேயே 189ஆம் உடன்படிக்கையில் சொல்லிவிட்டது. சக்கர நாற்காலியில் வருபவர் யாருடைய தோளிலும் ஏறாமல் உள்ளே வர முடியுமா? கமிட்டியில் பெண்கள் எத்தனை பேர்? சாதி, இனம், மொழி, பணம் பார்த்து யாரையாவது பின்வரிசைக்குத் தள்ளி வைத்திருக்கிறோமா? சபையில் ஒரு பிள்ளைக்குத் தவறு நடந்தால் யாரிடம் சொல்வது என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியுமா, சொன்னால் குடும்பத்தின் மானம் என்று மூடிவிடுவோமா, காவல் துறைக்குப் போவோமா?

இந்தக் கேள்விகளைக் கமிட்டியில் வைத்துப் பாருங்கள். வெளியே மனு கொடுப்பது எவ்வளவு சுலபம் என்று அப்போது தெரியும்.

ஆதிச் சபையிலும் இது நடந்தது. அப்போஸ்தலர் 6இல், கிரேக்க மொழி பேசும் விதவைகள் அன்றாடப் பந்தியில் கவனிக்கப்படவில்லை என்று முறுமுறுப்பு. அப்போஸ்தலர்கள் அவர்களை அடக்கவில்லை. ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் சொன்னார்கள். அந்த ஏழு பெயர்களும், ஸ்தேவான் தொடங்கி நிக்கொலா வரை, கிரேக்கப் பெயர்கள். யாருக்குக் குறை இருந்ததோ அந்தப் பக்கத்தவர் கையிலேயே பொறுப்பு போயிருக்கிறது என்று இதிலிருந்து பலர் சொல்வார்கள். எங்களுக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

வெளியே போகும்போது எந்தப் பிரச்சினையை எடுப்பது?

ஒரு வருடத்துக்கு ஒன்று. சபையில் யாரையாவது நேரடியாகத் தொடுவதாக இருக்கட்டும். பதில் சொல்ல வேண்டிய அதிகாரி யார் என்று பெயரோடு சொல்ல முடியாவிட்டால், பிரச்சினையை இன்னும் சின்னதாக வெட்டுங்கள்.

உலகத்தில் 2021 கணக்குப்படி 2 கோடியே 76 லட்சம் பேர் கட்டாய உழைப்பில் இருக்கிறார்கள். இந்த எண்ணைக் கேட்டதும் மனம் மரத்துப்போகிறது. நம் சபை வாங்கும் சீருடைத் துணி எங்கே தைக்கப்படுகிறது, தைப்பவருக்கு என்ன கிடைக்கிறது என்று கடைக்காரரிடம் கேட்பதை இந்த வாரமே செய்யலாம்.

பாதிக்கப்பட்டவர்கள் சார்பாக நாம் பேசலாமா?

அவர்களோடு பேசலாம். அவர்களுக்குப் பதிலாகப் பேசுவதில் நாங்கள் ஒருமுறை நன்றாகச் சறுக்கியிருக்கிறோம்.

ஒரு குடியிருப்பில் தண்ணீர் வசதி இல்லை, வீடுகள் இடிந்து விழும் நிலை. பார்த்துவிட்டு மனம் தாங்காமல் வந்து, அன்று இரவே மனு எழுதினோம்: இவர்களுக்கு வேறு இடத்தில் நல்ல வீடு கொடுங்கள் என்று. நல்ல நடை, உருக்கமான மனு. சபையில் எல்லோரும் பாராட்டினார்கள். இரண்டு மாதம் கழித்து அதிகாரிகள் வந்து வீடுகளுக்கு எண் போட ஆரம்பித்தார்கள். நாங்கள் சந்தோஷமாகப் போய் நின்றால், ஓர் அம்மா கேட்டார்: "ஏன் தம்பி, எங்களைக் காலி பண்ணச் சொல்லி மனு கொடுத்தது நீங்கதானா?"

அவர்களுக்கு அந்த இடத்தை விட்டுப் போக விருப்பமில்லை. வேலை பக்கத்தில், பிள்ளைகளின் பள்ளிக்கூடம் பக்கத்தில். அவர்கள் கேட்டது ஒரு தண்ணீர்க் குழாயும், கூரை போட அனுமதியும். நாங்கள் கேட்கவே இல்லை. அந்த மனுவைத் திரும்பப் பெற்று வேறு மனு கொடுக்க எட்டு மாதம் ஆனது. இரண்டாவது மனுவை அந்த அம்மாதான் சொல்லச் சொல்ல எழுதினோம். முதலாவதில் பாதி நீளம்கூட இல்லை.

அப்போதிலிருந்து ஒரு விதி: பாதிக்கப்பட்டவர் படித்துப் பார்த்து, அல்லது வாசித்துக் காட்டக் கேட்டு, சரி என்று சொல்லாத காகிதம் எதுவும் வெளியே போகாது. அவர்கள் படம், பெயர், கதை எதையும் ஜெபக் குறிப்பில்கூட அனுமதியில்லாமல் போடுவதில்லை. ஜெபக் குறிப்பு என்ற பெயரில் எத்தனை வம்பு ஊர் சுற்றுகிறது என்று உங்களுக்கே தெரியும்.

மனு எழுதுவது எப்படி?

ஒரு பக்கம். ஒரு கோரிக்கை. செலொப்பியாத்தின் மகள்களைப் போல: நடந்தது இது, இது ஏன் சரியில்லை, எங்களுக்கு வேண்டியது இது. தேதி, இடம், எத்தனை குடும்பம் என்று திட்டமாக எழுதுங்கள். "பல வருடங்களாக", "ஏராளமானோர்" என்று எழுதினால் படிப்பவருக்குத் தப்பிக்க வழி கிடைக்கிறது. நகல் வைத்துக்கொண்டு, கொடுத்ததற்கு ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். ஒரு மாதம் கழித்து நினைவூட்டல் கடிதம். கோப்பில் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று தெரியவில்லையா? நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் தகவல் பெறும் உரிமைக்குச் சட்டம் இருக்கிறது. சுவீடன் 1766இலேயே கொண்டுவந்தது. உங்கள் நாட்டில் அதற்கான படிவம் என்ன என்று பாருங்கள். எங்கள் அனுபவத்தில் மனுவைவிட இந்தப் படிவம் வேகமாக வேலை செய்கிறது.

நேரில் போனால் மூன்று பேருக்கு மேல் வேண்டாம், அதில் ஒருவர் பாதிக்கப்பட்டவர். மரியாதையாகப் பேசுங்கள். எதிரே உட்கார்ந்திருக்கும் அலுவலருக்கும் மேலே ஓர் ஆள் இருக்கிறார்.

வாய்வார்த்தையை நம்பி வந்துவிடாதீர்கள். நெகேமியா 5இல், பஞ்சத்தில் சொந்த ஜனங்களின் வயலையும் வீட்டையும் அடமானம் வாங்கி வட்டி வசூலித்த பெரிய மனிதர்கள், நெகேமியா கடிந்துகொண்டதும் உடனே "திருப்பிக் கொடுத்துவிடுகிறோம்" என்கிறார்கள். அவர் சரி என்று விட்டுவிடவில்லை. ஆசாரியர்களை அழைத்து, அப்படியே செய்வோம் என்று ஆணையிட வைக்கிறார். இந்தக் காலத்தில் அதற்குப் பெயர் எழுத்துப்பூர்வமான உத்தரவு.

சபையின் பணத்தை வைத்து ஏதாவது செய்ய முடியுமா?

நிறைய. சபையின் வைப்புத்தொகையும் நிலமும் யாருக்கு எதற்குப் பயன்படுகின்றன என்று கேட்கலாம். அமெரிக்க எப்பிஸ்கோப்பல் சபை 1971இல், தன்னிடம் பங்குகள் இருந்த காரணத்தால், கார் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ் நிறவெறி ஆட்சி நடந்த தென்னாப்பிரிக்காவை விட்டு வெளியேற வேண்டும் என்று பங்குதாரர் கூட்டத்தில் தீர்மானம் கொண்டுவந்தது. தீர்மானம் தோற்றது. ஆனால் மற்றச் சபைகளும் பல்கலைக்கழகங்களும் அந்த வழியைப் பிடித்துக்கொண்டன. நிறுவனம் 1986இல் வெளியேறுவதாக அறிவித்தது.

பங்கு இல்லாத சபைக்கும் கொள்முதல் இருக்கிறது. 1791இல் அடிமை வியாபாரத் தடை மசோதாவை இங்கிலாந்து நாடாளுமன்றம் நிராகரித்தபோது, சாதாரணக் குடும்பங்கள் அடிமைகள் விளைவித்த சர்க்கரையை வாங்குவதை நிறுத்தின. மூன்று லட்சம் பேர் என்று இயக்கத்தில் இருந்த தாமஸ் கிளார்க்சன் கணக்கிட்டார். ஓட்டுரிமை இல்லாத பெண்கள் இதில் முன்னால் நின்றார்கள். வீட்டுக்கு என்ன வாங்குவது என்பதாவது அவர்கள் கையில் இருந்ததே.

போதகர் ஆர்வம் காட்டவில்லை. என்ன செய்வது?

முதலில் அவர் பக்கம் நின்று பாருங்கள். கமிட்டி ஒரு பக்கம், பேராயம் ஒரு பக்கம், காணிக்கை கொடுக்கும் பெரிய குடும்பம் ஒரு பக்கம். தனியாகப் போய்ப் பேசுங்கள், பொதுக் கூட்டத்தில் மடக்க வேண்டாம். "சமூக நீதிக்குச் சபை என்ன செய்யப்போகிறது?" என்று கேட்டால் அவருக்குப் பதில் இருக்காது. "மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாலை அந்த அறைச் சாவி வேண்டும் ஐயா, விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கப் போகிறோம்" என்று கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும்.

அப்படியும் இல்லை என்றால், குடிமக்களாகச் செய்யுங்கள். சபையின் லெட்டர்பேடையும் முத்திரையையும் தொடாதீர்கள். அனுமதி இல்லாமல் சபை பெயரைப் போட்டால், பிரச்சினை பின்னால் போய் லெட்டர்பேட் முன்னால் வந்துவிடும்.

மற்ற மதத்தவரோடும், கடவுள் நம்பிக்கை இல்லாதவர்களோடும் சேரலாமா?

தாராளமாக. தண்ணீர்க் குழாய்க்கு மதம் இல்லை. ஒன்று மட்டும்: குரல் கொடுப்பதை ஆள் சேர்க்கும் தூண்டிலாக்க வேண்டாம். நம்மோடு நிற்பவரிடமும் அது துரோகம், நாம் யாருக்காக நிற்கிறோமோ அவரிடமும்.

சமூக ஊடகத்தில் பகிர்ந்தால் போதுமா?

போதாது. பகிருங்கள், ஆனால் அதற்கு முன் செய்தி உண்மையா என்று பாருங்கள். சபை வாட்ஸ்அப் குழுக்களைப் பற்றி மேற்கொண்டு எதுவும் சொல்லாமல் விடுகிறோம்.

இதில் ஆபத்து உண்டா?

உண்டு. எல் சால்வடோரில் ராணுவத்தின் கொடுமைகளைக் கண்டித்துப் பேசிய பேராயர் ஆஸ்கர் ரொமேரோ 1980 மார்ச் 24 அன்று திருப்பலி நிறைவேற்றும்போதே சுட்டுக் கொல்லப்பட்டார். எல்லா இடமும் அப்படி இல்லை. பெரும்பாலும் நமக்கு வருவது அலைக்கழிப்பு, கிண்டல், சில சமயம் மிரட்டல். ஆனால் நமக்கு வருவதைவிடப் பல மடங்கு, யாருக்காகப் பேசுகிறோமோ அவருக்கு வரும். நாம் வீட்டுக்குப் போய்விடுவோம், அவர் அதே முதலாளியிடம் மறுநாள் வேலைக்குப் போக வேண்டும். எனவே எவ்வளவு தூரம் போவது என்பதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும். அவர் வேண்டாம் என்றால் நிறுத்துங்கள், கோழை என்று மனதிற்குள்கூட நினைக்காதீர்கள். தனியாக எங்கும் போகாதீர்கள், நடந்ததை அன்றன்றே எழுதி வையுங்கள், ஒரு வழக்கறிஞரின் எண் கையில் இருக்கட்டும்.

எவ்வளவு காலம் ஆகும்? எப்போது முடிந்தது என்று சொல்லலாம்?

உத்தரவு வந்த அன்று முடிந்தது என்று நாங்களும் ஒரு காலத்தில் நினைத்தோம். செலொப்பியாத்தின் மகள்களுக்கு எண்ணாகமம் 27இல் தீர்ப்புக் கிடைத்துவிட்டது. ஆனால் 36ஆம் அதிகாரத்தில் அவர்கள் கோத்திரத்துப் பெரியவர்கள் வந்து ஆட்சேபிக்கிறார்கள்: இந்தப் பெண்கள் வேறு கோத்திரத்தில் திருமணம் செய்தால் நிலம் போய்விடுமே என்று. சொந்தக் கோத்திரத்துக்குள்தான் மணக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை சேர்கிறது. பிறகு மோசே இறந்துபோகிறார். யோர்தானைக் கடக்கிறார்கள், யுத்தங்கள் நடக்கின்றன. கானானில் நிலத்தைப் பங்கிடும் நேரத்தில், யோசுவா 17இல், அதே ஐந்து பெயர்கள் மறுபடியும் வருகின்றன. எலெயாசாருக்கும் யோசுவாவுக்கும் பிரபுக்களுக்கும் முன்பாக வந்து நின்று, எங்களுக்குச் சுதந்தரம் கொடுக்கும்படி கர்த்தர் மோசேக்குக் கட்டளையிட்டாரே என்று நினைவுபடுத்துகிறார்கள். அதற்கப்புறம்தான் நிலம் கைக்கு வருகிறது.

எங்கள் குழுவின் நோட்டில் ஒவ்வொரு மனுவுக்கும் ஒரு வரிசை இருக்கிறது. "உத்தரவு வந்த தேதி" என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம்: "ஆறு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தது யார்?" அது காலியாக இருக்கும் வரை அந்தப் பக்கத்தைத் திருப்புவதில்லை.